சிமிட்டிக்கொண்டே இருக்கும் பிளக்

அதே அறை, அதே வைஃபை. கையிலிருக்கும் கைப்பேசியில் கிரிக்கெட் நேரலை ஒரு நொடிகூடத் தடைபடாமல் ஓடுகிறது. ஒரு முழம் தள்ளிச் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்மார்ட் பிளக்கோ, தனக்கு எந்த நெட்வொர்க்கும் அகப்படவில்லை என்று நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. இரண்டு நிமிடம் கழித்துச் செயலி கைவிரிக்கிறது: 'சாதனத்தைச் சேர்க்க முடியவில்லை.'

பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டிருப்பீர்கள் என்று வீட்டில் ஒருவர் சொல்வார். ரவுட்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்வார்கள். இந்த இரண்டாவது வைத்தியம் சில சமயம் பலித்துவிடும். அதுதான் அதன் குறையும். பலித்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுவதால், உள்ளே என்ன நடந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

கைப்பேசிக்குக் கிடைக்கும் வைஃபை, பக்கத்திலிருக்கும் பிளக்குக்கு ஏன் கிடைக்கவில்லை? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கம்பியில்லாத் தொடர்பின் பாதிக் கதை தெரிந்துவிடும்.

ஒரே பெயர், இரண்டு அலை

உங்கள் ரவுட்டர் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு வானொலி நிலையங்களை நடத்துகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸில், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸில். முதலாவது நொடிக்கு 240 கோடி முறை அதிரும் அலை. அதன் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். இரண்டாவதன் அலைநீளம் அதில் பாதிக்கும் குறைவு. அரசு ஏலத்தில் அடிபட்ட பெயர்தான் இவற்றுக்கும்: அலைக்கற்றை. ஆனால் இவை ஏலம் விடப்படாதவை, உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை உரிமமின்றிக் கிடைத்ததற்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவது 2.45 கிகாஹெர்ட்ஸில். அடுப்புகள் கத்தும் இடத்தில் ஒழுங்கான தகவல் தொடர்பு நடக்காது என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், 1985-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் இந்தப் பகுதியை உரிமமில்லாக் கருவிகளுக்குத் திறந்துவிட்டது. வைஃபைக்கான முதல் தரம் 1997-இல் வந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உரிமம் வேண்டாம் என்ற அறிவிப்பு 2005-இல் வெளியானது. யாருக்கும் வேண்டாத புறம்போக்கில்தான் இன்று நம் வீட்டு விளக்குகளும் கீசர்களும் குடியேறியிருக்கின்றன.

விலை மலிந்த ஸ்மார்ட் கருவிகளுக்கு இந்தப் புறம்போக்கு ஒன்றே உலகம். ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-இல் ஈ.எஸ்.பி.8266 என்ற சில்லை வெளியிட்டது. முழு வைஃபை வானொலியும் ஒரு சிறு கணினியும் நகம் அளவுக்குள் அடங்கி, சில நூறு ரூபாய்க்குள் கிடைத்தன. பல்பு, பிளக், சுவிட்ச் என்று எதற்குள்ளும் அதைத் திணிக்கலாம் என்றானது. அந்தச் சில்லுக்கும், அதன் வழியில் வந்த பெரும்பாலான மலிவுச் சில்லுகளுக்கும் 2.4 மட்டுமே கேட்கும். 5 கிகாஹெர்ட்ஸில் நீங்கள் எவ்வளவு உரக்கப் பேசினாலும் அவற்றின் காதில் விழாது.

இதில் கஞ்சத்தனம் மட்டும் இல்லை. ஒரே திறனில் அனுப்பி, அலைநீளத்துக்கு ஏற்ற ஆன்டெனாவால் வாங்கினால், 5.5 கிகாஹெர்ட்ஸில் வந்து சேரும் ஆற்றல் 2.4-இல் வருவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். சுவர்களும் உயர் அதிர்வெண்ணையே கூடுதலாக விழுங்கும். கீசரை ஆன் செய்யச் சொல்லும் கட்டளைக்குச் சில எழுத்துகள் போதும். அதற்கு வேகம் தேவையில்லை, எட்டும் தூரம்தான் தேவை. ஆகவே பிளக்குக்கு 2.4 என்பது பொருத்தமான தேர்வு.

சிக்கல் வேறிடத்தில் தொடங்குகிறது. பல ரவுட்டர்கள் இரண்டு நிலையங்களுக்கும் ஒரே பெயரை வைத்து, எந்தக் கருவி எதில் சேரவேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்கின்றன. கைப்பேசி வேகத்துக்காக 5-இல் உட்கார்ந்திருக்கும், பிளக் 2.4-இல் தேடிக்கொண்டிருக்கும். திரையில் தெரியும் பெயர் ஒன்று என்பதால் இருவரும் ஒரே இடத்தில் இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம். பெயர்களைப் பிரித்து வைத்த வீடுகளில் இன்னொரு குழப்பம். ஒன்றின் வாலில் '5ஜி' என்று ஒட்டியிருக்கும். கைப்பேசிக் கோபுரத்து ஐந்தாம் தலைமுறைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் புதியது, வேகமானது என்று எண்ணிப் பிளக்கையும் அதிலேயே சேர்க்கப் பார்க்கிறவர்கள் ஏராளம்.

'இணைந்தது' என்பதற்குள் எத்தனை வேலை

ஒரு கருவி இணைவதைச் சுவிட்ச் போடுவதைப் போல ஒரே செயலாக நினைக்கிறோம். உண்மையில் அது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் பல பேச்சுவார்த்தைகளின் முடிவு.

முதலில் பிளக்குக்கு ரவுட்டரின் குரல் கேட்கவேண்டும். ரவுட்டர் நொடிக்குச் சுமார் பத்து முறை தன் பெயரை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. 2.4 அலைக்கற்றைக்குள் சேனல்கள் என்னும் தடங்கள் உண்டு. இந்தியாவில் 13, அமெரிக்காவில் 11. பிளக் ஒவ்வொரு தடமாகக் கேட்டுப் பார்க்கும். அமெரிக்கச் சந்தைக்கென அமைக்கப்பட்ட கருவி 12, 13 ஆகிய தடங்களை எட்டிக்கூடப் பார்க்காது. பல ரவுட்டர்கள் மறுதொடக்கத்தின்போது நெரிசல் குறைந்த தடத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும். அது ஒரு நாள் 13-ஆம் தடத்துக்குப் போய்விட்டால், நேற்றுவரை ஒழுங்காக எரிந்த பல்பு இன்று அநாதையாகிவிடும். ரவுட்டரை அணைத்துப் போட்டதும் சரியாவது ஏன் என்பதற்கு ஒரு விடை இங்கே இருக்கிறது: வேறு தடம் கிடைத்திருக்கும்.

பெயர் கேட்டபின் அதைப் பிளக் சரியாகப் பதிந்துகொள்ளவேண்டும். வைஃபை பெயருக்கு 32 பைட் என்பது எல்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'வீடு' என்று பெயர் வைத்தால், இரண்டு மெய்க்கும் இரண்டு உயிர்க்குறிக்குமாக 12 பைட் போய்விடும். மொத்தமே பத்துக் குறிதான் கொள்ளும். கைப்பேசி இதைச் சமாளித்துக்கொள்ளும். ஆங்கிலத்தைத் தவிர வேறெதையும் எதிர்பாராமல் எழுதப்பட்ட மலிவு மென்பொருள் சில நேரம் தடுமாறும். தமிழில் பெயர் வைக்கவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிளக் சேராத நாளில் சந்தேகப் பட்டியலில் அதையும் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்து, கடவுச்சொல் தெரியும் என்று நிரூபிக்கவேண்டும். இதில் நயம் என்னவென்றால் கடவுச்சொல் காற்றில் போவதே இல்லை. ரவுட்டர் ஒரு தற்செயல் எண்ணைத் தரும். கடவுச்சொல் தெரிந்தவர் மட்டுமே அதைக் கொண்டு சரியான விடையைக் கணக்கிட முடியும். இந்த நிரூபண முறைக்குத் தலைமுறைகள் உண்டு: 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2, 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3. புதிய முறையை மட்டுமே ஏற்பேன் என்று ரவுட்டர் அடம்பிடித்தால், பழைய முறை மட்டும் கற்ற பிளக் சரியான கடவுச்சொல்லை வைத்துக்கொண்டும் வாசலிலேயே நிற்கவேண்டியதுதான்.

பிறகு வீட்டுக்குள் ஓர் எண் வேண்டும். ரவுட்டர் தன்னிடம் சேரும் ஒவ்வொன்றுக்கும் ஐ.பி. முகவரி என்ற எண்ணை வழங்குகிறது. கையிருப்பு தீர்ந்திருந்தால் அல்லது கருவிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருந்தால் புதியவருக்கு இடமில்லை. கடைசியாக, பிளக் இணையத்தின் வழியே தன் நிறுவனத்தின் சர்வரை எட்டிப் பிடிக்கவேண்டும்.

எந்தப் படியில் விழுந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான், சிமிட்டல். திரையோ விசைப்பலகையோ இல்லாத கருவிக்கு வேறு வழியில்லை. ஆகவே பழுது பார்ப்பவருக்கு 'என்ன கோளாறு' என்பதைவிட 'எந்தப் படி வரை வந்தது' என்பதே பயனுள்ள கேள்வி.

வெளியே நிற்பவருக்குக் கடவுச்சொல் சொல்வது

இதற்கு முன்பே ஒரு புதிர் இருக்கிறது. கடவுச்சொல்லைப் பிளக்குக்குச் சொல்லவேண்டும். சொல்வதற்கு அது நெட்வொர்க்கில் இருக்கவேண்டும். நெட்வொர்க்கில் சேரக் கடவுச்சொல் வேண்டும். கோழியா முட்டையா?

பொறியாளர்கள் கண்டுபிடித்த விடைகளில் ஒன்று அசர வைப்பது. வைஃபையில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொன்றும் மறையாக்கம் செய்யப்பட்டது. கடவுச்சொல் இல்லாதவரால் பிரித்துப் படிக்க முடியாது. ஆனால் ஒட்டிய உறையைத் தபால்காரர் கையில் வைத்து எடை பார்ப்பதை யார் தடுக்க முடியும்? பொட்டலத்தின் உள்ளடக்கம் மறைந்திருந்தாலும் அதன் நீளம் மறைவதில்லை. ஆகவே செயலி, கடவுச்சொல்லைப் பொட்டலத்துக்குள் வைக்காமல் பொட்டலங்களின் நீளத்தில் வைத்து அனுப்புகிறது. எளிமைப்படுத்திச் சொன்னால், கணினிக் குறியீட்டில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'கே'யின் எண் 75. அதைச் சொல்ல 75 பைட் நீளத்தில் ஒரு பொட்டலம். உள்ளே குப்பை இருந்தாலும் பரவாயில்லை. காற்றை ஒட்டுக்கேட்கும் பிளக், நீளங்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு எழுத்துகளைக் கூட்டிவிடும். நீல விளக்கு வேகமாகச் சிமிட்டும்போது பல பிளக்குகள் செய்துகொண்டிருப்பது இதைத்தான்.

அழகான தந்திரம், ஆனால் நோஞ்சான். கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் அதன் குரல் பிளக்குக்குக் கேட்காது. 2.4-இலேயே இருந்தாலும், நவீன ரவுட்டர்கள் இரண்டு மூன்று ஆன்டெனாக்களில் ஒரே நேரத்தில் அனுப்பும் வேக முறை, ஒற்றை ஆன்டெனாப் பிளக்குக்கு வெறும் இரைச்சலாகத் தெரியலாம். ரவுட்டர் எவ்வளவு நவீனமோ, அவ்வளவுக்கு இந்த முறை சறுக்குகிறது. இன்னொன்றும் உண்டு: பிளக்கால் நீளங்களைக் கேட்க முடிந்தால் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவராலும் முடியும். இந்த முறையின் சில வடிவங்களில் அது உண்மையான பாதுகாப்பு ஓட்டையாகவே இருந்தது.

அதனால்தான் மாற்று வழி ஒன்றும் தருகிறார்கள். பிளக் தானே சற்று நேரத்துக்கு ஒரு குட்டி வைஃபையை உருவாக்கும். விளக்கு மெதுவாகச் சிமிட்டும். கைப்பேசியை அதில் சேர்த்துக் கடவுச்சொல்லை நேரடியாகக் கொடுத்துவிடலாம். இது உறுதியான முறை, கைப்பேசியின் புத்திசாலித்தனம் குறுக்கே வராத வரை. இந்தக் குட்டி வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டுகொண்ட கைப்பேசி, உங்களைக் கேளாமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். செயலி பேசுவது பிளக்கைச் சென்று சேராது. இந்தச் சில நிமிடங்களுக்கு மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான். புதிய கருவிகள் பல, அறிமுகத்துக்கு மட்டும் புளூடூத்தைப் பயன்படுத்தி இந்தத் தொல்லைகளைக் கடந்துவிட்டன.

கீசருக்கும் என் இருப்பிடத்துக்கும் என்ன சம்பந்தம், செயலி ஏன் அனுமதி கேட்கிறது என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகம் நியாயமானது, காரணமும் உண்டு. சுற்றியுள்ள வைஃபை பெயர்களின் பட்டியல் கிடைத்தால் நீங்கள் எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம். அதனால் 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், வைஃபைகளைத் தேடிப்பார்ப்பதே இருப்பிடத் தகவலாகக் கருதப்படுகிறது. ஐபோனில் 2020 முதல், வீட்டு நெட்வொர்க்கிலுள்ள கருவிகளோடு பேசத் தனி அனுமதி வேண்டும். யோசிக்காமல் 'மறு' என்று அழுத்தியவருக்குப் பிளக் கடைசிவரை கண்ணில் படாது. காரணத்தைச் செயலியும் சொல்லாது.

சிங்காநல்லூரில் ஒரு கீசர்

இனி ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். கோவை சிங்காநல்லூரில் ஓர் அடுக்ககம் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கீசருக்கு ஸ்மார்ட் பிளக் வாங்கியிருக்கிறார். 2000 வாட் கீசர், 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதைக் கணக்கிட்டு 16 ஆம்பியர் பிளக்காகவே வாங்கியிருக்கிறார். இதைச் செய்யாமல் பல்புக்குரிய சிறு பிளக்கில் கீசரை மாட்டுவது வைஃபைக் கோளாறைவிடப் பெரிய ஆபத்து. பிளக் சேரவில்லை. எதிர்வீட்டுக் கல்லூரி மாணவன் வருகிறான்.

"பாஸ்வேர்டு மூணு தடவ சரிபார்த்துட்டேன் தம்பி. பிளக்கே கெட்டதோ என்னமோ?"

"இருங்க டீச்சர், அத மொதல்ல பாத்துருவோம்ங்க."

அவன் ரவுட்டரைத் தொடவே இல்லை. தன் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, அதை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுகிறான். ஆசிரியையின் கைப்பேசியை அதில் சேர்த்து, செயலியில் அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கிறான். சற்று நேரத்தில் சிமிட்டல் நின்று விளக்கு நிலையாக எரிகிறது.

இந்த ஒரு சோதனையின் மதிப்பைக் கவனியுங்கள். பிளக்கின் வானொலி நன்றாக இருக்கிறது. செயலிக்கு வேண்டிய அனுமதிகள் இருக்கின்றன. நிறுவனத்தின் சர்வர் இயங்குகிறது. இத்தனை பேரும் ஒரே அடியில் விடுதலை. மிஞ்சியது ரவுட்டரும் அதற்குப் போகும் வழியும். கடைக்குப் பிளக்கைத் திருப்பிக் கொடுக்கப் புறப்படும் முன் செய்யவேண்டிய முதல் சோதனை இது என்பேன். பெரும்பாலானோர் செய்யாததும் இதுவே. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: புதிய மாடல்களில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில், இணக்கத்தை அதிகரிக்கச் சொல்லும் ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால்தான் 2.4-க்கு இறங்கும்.

அடுத்து, பிளக்கை மீட்டமைத்து, ஹாலுக்குக் கொண்டுவந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுகிறான். ரவுட்டர் நான்கடி தூரத்தில். அப்போதும் சேரவில்லை. ஆகத் தூரம் காரணமில்லை. குறைந்தபட்சம், தூரம் மட்டும் காரணமில்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைப் பார்த்து அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய், 5 கிகாஹெர்ட்ஸைத் தற்காலிகமாக அணைக்கிறான். இப்போது கைப்பேசியும் 2.4-க்கு வந்துவிட்டது. பிளக் இன்னும் சிமிட்டுகிறது. இணையத்தில் உலவும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இத்தோடு நின்றுவிடும்.

அவன் பாதுகாப்புப் பகுதியைத் திறக்கிறான். போன மாதம்தான் இணைய நிறுவனத்தார் பழைய ரவுட்டரை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்களாம். மறையாக்கத்துக்கு எதிரே 'டபிள்யூ.பி.ஏ.3 மட்டும்' என்று இருக்கிறது. பிளக்கின் அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் டபிள்யூ.பி.ஏ.2 என்று அச்சிட்டிருக்கிறது. ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தது இங்கே சேராததன் மர்மம் விலகுகிறது. அவனுடைய கைப்பேசி பழைய முறையையும் ஏற்றுக்கொண்டது. இரண்டும் கலந்த முறைக்கு ரவுட்டரை மாற்றுகிறான். சில பழைய கருவிகள் கலப்பு முறையிலும் தகராறு செய்யும். அப்போது முழுக்கப் பழைய முறைக்குத்தான் இறங்கவேண்டும். இந்தப் பிளக் அடம்பிடிக்கவில்லை, சேர்ந்துவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸையும் திரும்பப் போட்டாயிற்று.

ஆனால் கதை முடியவில்லை. பிளக்கைக் குளியலறையில் கீசருக்குப் பக்கத்தில் மாட்டியதும், அரைமணி ஆன்லைன், அரைமணி ஆஃப்லைன் என்று கண்ணாமூச்சி காட்டுகிறது. ஒரு கோளாறைக் கண்டுபிடித்தவுடன் அதுதான் ஒரே கோளாறு என்று நம்புவது மனித சுபாவம். பழுதுகளுக்கு அப்படி ஒரு நாகரிகம் கிடையாது.

குளியலறையில் பிளக் இருக்கும் இடத்துக்கே கைப்பேசியைக் கொண்டுபோய், அலையின் வலிமையை அளக்கும் இலவசச் செயலி ஒன்றில் பார்க்கிறான்: கழித்தல் 84. இந்த எண் டெசிபெல் அளவுகோலில் சொல்லப்படுவது. சுழியிலிருந்து கீழே போகப் போக வலிமை குறைகிறது என்பதும், பத்து இறங்கினால் பத்தில் ஒரு பங்காகும் என்பதும் தெரிந்தால் போதும். ரவுட்டர் அனுப்புவது சுமார் 100 மில்லிவாட். அந்தக் குளியலறைக்கு வந்து சேர்வது அதில் ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு கோடியில் ஒரு பங்கு. இதையும் ஒரு கருவியால் கேட்க முடிகிறது என்பதே வியப்பு. கழித்தல் 90-ஐ நெருங்கும்போது பெரும்பாலான மலிவுச் சில்லுகளுக்குக் காது அடைத்துவிடும். கைப்பேசிக்குப் பிளக்கைவிட நல்ல ஆன்டெனா இருப்பதால், அது காட்டும் எண்ணிலிருந்து இன்னும் சில புள்ளிகள் குறைத்தே பிளக்கின் நிலையை ஊகிக்கவேண்டும். 84 என்று கைப்பேசி சொன்னால் பிளக் விளிம்பில் தொங்குகிறது என்று பொருள்.

எங்கே போயிற்று அத்தனை ஆற்றலும்? ரவுட்டர் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், டிவியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து குளியலறைக்குப் போகும் நேர்கோட்டில் சமையலறை ஃபிரிட்ஜ், கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் தூண், ஓடு பதித்த சுவர். இத்தனையும் தாண்டினால் கீசரே நிற்கிறது: உலோகத் தொட்டிக்குள் 15 லிட்டர் தண்ணீர். உலோகம் அலையைத் திருப்பியடிக்கும், தண்ணீர் விழுங்கும். எந்தக் கருவிக்காக இந்தப் பாடெல்லாமோ, அதுவே கடைசித் தடுப்பாக நிற்கிறது. சுவருக்குள் புதைக்கும் ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கும் இதே கதிதான். நம் வீடுகளில் சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் தகரப் பெட்டி அலையைப் பல பக்கமும் மறைத்துக்கொள்ளும்.

புதிய ரவுட்டரோ அலை நீட்டிப்பானோ வாங்கவில்லை. ரவுட்டரை அங்கிருந்து எடுத்து, ஹாலில் புத்தக அலமாரியின் உச்சியில் வைத்தான். குளியலறையில் மறுபடி அளந்தால் கழித்தல் 71. பதின்மூன்று புள்ளிதான் ஏறியிருக்கிறது, ஆற்றல் இருபது மடங்கு கூடியிருக்கிறது. ஃபிரிட்ஜுக்கு மேலாக அலை போக இப்போது வழி கிடைத்துவிட்டது. கண்ணாமூச்சி நின்றது.

"அழகுக்காகத்தான் டிவிக்குப் பின்னாடி மறைச்சு வெச்சேன்" என்றார் ஆசிரியை.

"அழகா இருந்துச்சுங்க டீச்சர். வேலைதான் ஆகல."

கடிகாரம் இல்லாத கருவி

கடைசிப் படி, சர்வர். ஹாலில் உட்கார்ந்து குளியலறைக் கீசரைப் போடும்போது கட்டளை சுவரைத் தாண்டி நேராகப் போவதில்லை. பெரும்பாலான கருவிகளில் அது வீட்டை விட்டு வெளியேறி, எங்கோ இருக்கும் தரவு மையத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. வைஃபை முழு வலிமையில் இருந்தும் கருவி 'ஆஃப்லைன்' என்று காட்டினால் சந்தேகம் இந்தப் பக்கம் திரும்பவேண்டும். 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் கிளவுட் சேவையில் ஒரு பகுதி தடுமாறியபோது, வீடுகளில் தரை பெருக்கும் ரோபோக்களும் கதவுமணிக் கேமராக்களும் செயலிக்குக் கட்டுப்படாமல் போயின. அந்த வீடுகளில் வைஃபைக்கு ஒரு குறையும் இல்லை. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. பழுதே இல்லாத கருவிகள் செயலியிலிருந்து துண்டிக்கப்பட்டன.

இன்னும் நுட்பமான ஒரு காரணம் உண்டு. பிளக் தன் சர்வரை நம்புவதற்கு முன் அதன் அடையாளச் சான்றைச் சரிபார்க்கும். சான்றில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று இருக்கும். ஆகப் பிளக்குக்கு இன்று என்ன தேதி என்று தெரியவேண்டும். ஆனால் அதனுள் பேட்டரியோ ஓடும் கடிகாரமோ கிடையாது. மின்சாரம் வந்த நொடியில் பல சில்லுகளின் நாட்காட்டி 1970 ஜனவரி 1 என்று காட்டும். கணினி உலகம் காலத்தை எண்ணத் தொடங்கும் நாள் அது. பிளக் முதலில் இணையத்தில் நேரம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ஏதோ ஒரு ரவுட்டர் அமைப்பு அந்தக் கேள்வியைத் தடுத்துவிட்டால், 1970-இல் வாழும் பிளக்குக்கு இன்றைய சான்று இன்னும் பிறக்காத சான்று. கதவைச் சாத்திக்கொள்ளும்.

தேதி சரியாக இருந்தும் சாத்திக்கொள்வதுண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, இணையத்தில் பெருவாரியாக நம்பப்பட்ட ஒரு மூலச் சான்றின் ஆயுள் முடிந்தது. மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல, அன்றோடு தம் சர்வர்களை அந்நியராகப் பார்க்கத் தொடங்கின. வீட்டில் யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை.

கரண்ட் வந்து வந்து போனால்

நம் ஊருக்கே உரிய ஒரு புகாரும் உண்டு. ஆறு மாதமாக ஒழுங்காக இருந்த ஸ்மார்ட் பல்பு, மழை பெய்த ஓர் இரவுக்குப்பின் நெட்வொர்க்கையே மறந்துவிட்டுப் புதிதாய் வாங்கியதைப் போலச் சிமிட்டும். இடியில் அடிபட்டுவிட்டது என்பார்கள்.

பல்பில் பொத்தான் கிடையாது. அதை மீட்டமைக்க ஒரு வழி வேண்டுமே என்று பல நிறுவனங்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றன: சுவிட்சை அடுத்தடுத்து மூன்று அல்லது ஐந்து முறை போட்டு அணைத்தால், பல்பு பழைய வைஃபையை மறந்து புதிய அறிமுகத்துக்குத் தயாராகும். மின்சாரம் சீராக வரும் நாடுகளை மனத்தில் வைத்து யோசித்த ஏற்பாடு. மழைக்காற்றில் கம்பி உரசி மின்சாரம் விட்டு விட்டு வரும் இரவில், அந்தக் கட்டளையை மின்வாரியத்துக் கம்பியே கொடுத்துவிடுகிறது. பல்புக்குச் சுவிட்சுக்கும் கம்பிக்கும் வித்தியாசம் தெரியாது. இப்படி ஆனால் பல்பை மாற்றவேண்டியதில்லை. முதல் நாள் செய்ததுபோல மறுபடி சேர்த்தால் போதும். அதே கணக்கில் சேர்த்தால், சில செயலிகள் பழைய நேரக் குறிப்புகளையும் மீட்டுத் தந்துவிடும்.

மின்வெட்டு நீண்டுவிட்டுத் திரும்பும்போது வேறொரு பொருத்தமின்மை. பிளக் ஓரிரு நொடியில் விழித்துக்கொள்ளும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் முழுதாக எழுந்திருக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். நல்ல மென்பொருள் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். மோசமானது சில முறை தட்டிப் பார்த்துவிட்டுச் சோர்ந்துவிடும். யாராவது பிளக்கைக் கழற்றி மாட்டும்வரை அப்படியே கிடக்கும். அடிக்கடி மின்வெட்டு உள்ள வீடுகளில் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் மட்டும் 12 வோல்ட்டில் ஓடும் சிறிய யூ.பி.எஸ். ஒன்று மாட்டினால் இந்த இரண்டாவது தொல்லை தீரும். வாங்கும் முன் இரண்டு பெட்டிகளின் அடாப்டரிலும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். சில ஃபைபர் பெட்டிகள் 12-க்குப் பதில் 9 வோல்ட் கேட்கும்.